லா ஸ்காலாவின் ஒரு பக்கம் மங்கிவிட்டது: பழைய ஹார்ன் ஸ்பீக்கர்களை மாற்றுவதா, மீட்பதா?

தாழ்வாரம்:

வணக்கம். பெரியப்பா வைத்திருந்த கிளிப்ஷ் நிறுவனத்தின் லா ஸ்காலா ஹார்ன் ஸ்பீக்கர் (ஒலியை விரியும் குழல் வழியே தள்ளும் பெட்டி) ஜோடி போன மாதம் என் கைக்கு வந்தது. பின்பக்கச் சீட்டில் 1977 என்று இருக்கிறது. சிறுவயதில் இவற்றின் முன்னால் உட்கார்ந்துதான் இசை என்றால் என்னவென்றே தெரிந்துகொண்டேன். அதனால் இவை எனக்கு வெறும் பெட்டிகள் அல்ல.

சிக்கல் இதுதான். வலது பக்கம் பளிச்சென்று இருக்கிறது. இடது பக்கம் போர்வையைப் போர்த்தியது போல மங்கலாக ஒலிக்கிறது. வயலினில் வில் உரசும் சத்தம், சிம்பல் அடித்தபின் காற்றில் கரையும் வால், இரண்டும் இடது பக்கத்தில் இல்லை. போதாததற்கு, பெண் குரல்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் கத்துவது போலவும் இருக்கின்றன.

பார்த்த நண்பர் ஒருவர், "உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றிவிட்டுப் புது டிரைவர், புது ஆக்டிவ் கிராஸோவர் போடு" என்கிறார் (டிரைவர் என்பது ஒலி எழுப்பும் உறுப்பு; கிராஸோவர் அதிர்வெண்களைப் பிரித்து ஒவ்வொரு டிரைவருக்கும் அனுப்புவது; ஆக்டிவ் என்றால் ஆம்ப்ளிஃபயருக்கு முன்பே பிரிப்பது). இன்னொருவர் இதைக் கொடுத்துவிட்டு கிளிப்ஷ்ஹார்னோ ஆல்டெக் ஏ7-ஓ வாங்கச் சொல்கிறார். அறை சுமார் 5 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் அகலம். மூன்றையும் வைத்துக் கேட்டவர்கள் சொல்லுங்கள், நான் எந்தப் பக்கம் போக வேண்டும்?

பழையகம்பி:

தம்பி, இப்போதைக்கு எந்தப் பக்கமும் போகாதீர்கள். நோய் என்னவென்று தெரியாமல் மருந்து வாங்க வேண்டாம்.

முதலில் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றிச் செருகுங்கள். மங்கல் வலது பெட்டிக்குத் தாவினால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. இடது பெட்டியிலேயே நின்றால் பெட்டிதான்.

அப்புறம் ஒரு நீளமான அட்டைக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தை மிகக் குறைவாக வைத்து, குழாயின் ஒரு முனையை ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறிய டிரைவர்) வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். லா ஸ்காலாவில் ட்வீட்டர் 6000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்கிறது. அது செத்துப்போனாலும் நடு ஒலிகளுக்கான மிட் ஹார்ன் பாட்டைக் கொண்டுபோய்விடுவதால், பல வருடம் அது தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் கே-77 அடிப்படையில் எலெக்ட்ரோ-வாய்ஸ் டி35 வகை. நல்ல ட்வீட்டர், ஆனால் அதிக சக்தி தாங்காது. அதற்காகத்தான் ஏஏ வகை கிராஸோவரில் அதைக் காக்க ஜீனர் டையோடு வைத்தார்கள்.

குழாயில் ஒன்றும் கேட்கவில்லையென்றால், ட்வீட்டரின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். வலது பக்கத்திலும் அதே மாதிரி பாருங்கள். ஜோடியில் ஒன்று நன்றாக இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அதுதான் உங்கள் அளவுகோல்.

கிராஸோவர் பலகையை ஒரு படம் எடுத்து, அதில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

மூலைவாசி:

பழையகம்பி அண்ணா சொன்னதை முதலில் செய்யுங்கள். ஒப்பீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். என்னிடம் கிளிப்ஷ்ஹார்ன் இருக்கிறது, அதற்கு முன் பல வருடம் லா ஸ்காலா வைத்திருந்தேன்.

இரண்டும் ஒரே குடும்பம். பால் கிளிப்ஷ் 1946இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற ஊரில் கிளிப்ஷ்ஹார்னோடுதான் நிறுவனத்தைத் தொடங்கினார். லா ஸ்காலா 1960களில் வந்தது. வின்த்ரோப் ராக்ஃபெல்லர் அர்கன்சாஸ் ஆளுநர் தேர்தலில் நின்றபோது பிரசார மேடைகளில் பேச்சைக் கொண்டுசெல்ல, தூக்கிப்போகக்கூடிய முழு ஹார்ன் பெட்டி தேவைப்பட்டது. அப்படிப் பிறந்ததுதான் இது. 15 அங்குல ஊஃபர் (பேஸுக்கான பெரிய டிரைவர்), கே-55 மிட் டிரைவர், கே-77 ட்வீட்டர் எல்லாம் இரண்டிலும் ஒரே இனம். வித்தியாசம் முழுக்க பேஸ் ஹார்னில்.

இதைக் கொஞ்சம் கணக்காகச் சொன்னால்தான் புரியும். ஒரு ஹார்ன் எந்த அதிர்வெண் வரை இறங்க வேண்டுமோ, அதன் வாயின் சுற்றளவு ஏறக்குறைய அந்த ஒலியின் அலைநீளம் அளவு இருக்க வேண்டும். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். அப்படியானால் திறந்தவெளியில் வாயின் விட்டம் 2.7 மீட்டர், பரப்பு கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். அதை யார் வீட்டில் வைப்பது? ஆனால் அறையின் மூலையில் தரை ஒன்று, சுவர் இரண்டு, மூன்றும் சேர்ந்து வெளியை எட்டில் ஒரு பங்காகக் குறுக்கிவிடுகின்றன. வாயும் எட்டில் ஒரு பங்கு போதும், முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவு. கிளிப்ஷ்ஹார்னில் சுவர்தான் ஹார்னின் கடைசிப் பகுதி. நீங்கள் பெட்டியை வாங்கி வருகிறீர்கள், மிச்ச ஸ்பீக்கரை வீடு கொடுக்கிறது. அதனால்தான் அது 35 ஹெர்ட்ஸ் பக்கம் வரை இறங்குகிறது. லா ஸ்காலா 50 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றுவிடும்.

எனவே கேள்வி "எது உயர்ந்தது" என்பதல்ல. உங்கள் அறையில் ஒரே சுவரின் இரு முனையிலும் கதவு, ஜன்னல், அலமாரி இல்லாத சுத்தமான மூலைகள் இருக்கின்றனவா? மூலையிலிருந்து இருபுறமும் ஒன்றேகால் மீட்டராவது வெறும் சுவர் வேண்டும். பழைய மாடல்களில் பெட்டியின் முதுகு திறந்தே இருக்கும், அது சுவரோடு காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பட்டை காய்ந்து உதிர்ந்திருந்தால் பேஸ் பாதி போய்விடும். நான் பழைய பட்டையை உரித்துவிட்டுப் புது நுரைப் பட்டை ஒட்டிய அன்று, வீட்டில் யாரோ புதிதாக ஊஃபர் வாங்கிப் போட்டது போல இருந்தது.

சரியான மூலை இல்லாத வீட்டில் லா ஸ்காலாவே மேல். தயங்காமல் சொல்கிறேன்.

திரைக்குப்பின்னால்:

ஏ7 வைத்திருப்பவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன்.

ஏ7 "வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்" வரிசையைச் சேர்ந்தது, திரையரங்கின் திரைக்குப் பின்னால் நிற்கப் பிறந்தது. இது கிளிப்ஷ் மாதிரி முழு ஹார்ன் அல்ல. முன்னால் ஒரு குட்டையான ஹார்ன் இருக்கிறது, அது மேல் பேஸைத்தான் தள்ளும். அதற்குக் கீழே இருப்பதை பேஸ் ரிஃப்ளெக்ஸ் துளை பார்த்துக்கொள்ளும். மேலே ஒரே ஒரு கம்ப்ரஷன் டிரைவர் (குறுகிய வாய் வழியே ஹார்னுக்குள் ஒலியைத் தள்ளுவது), 511பி அல்லது 811பி ஹார்னோடு. 511 என்றால் 500 ஹெர்ட்ஸிலும் 811 என்றால் 800 ஹெர்ட்ஸிலும் பிரிப்பது வழக்கம். அங்கிருந்து உச்சி வரை அந்த ஒரே டயஃப்ரம்தான், அதாவது அதிரும் மெல்லிய தகடு. மனிதக் குரலின் நடுவில் இரண்டாவது கிராஸோவர் குறுக்கிடாது. ஒரு பாடகி மூச்சை இழுத்துப் பாட்டை எடுக்கும் அந்த நொடியை ஏ7 தரும் விதத்தை வேறு எந்தப் பெட்டியிலும் நான் கேட்டதில்லை.

விலையும் உண்டு. உச்ச அதிர்வெண்கள் சரியத் தொடங்கும், கொஞ்சம் தூக்கிவிட வேண்டியிருக்கும். உட்காரும் இடம் முக்கியம். அப்புறம் தூரம். 3 மீட்டருக்குள் உட்கார்ந்தால் ஊஃபரும் ஹார்னும் இரண்டு தனித்தனி ஆட்களாகப் பேசும். 5 மீட்டர் அறையில் ஏ7 வைக்கலாம், ஆனால் பின்சுவரை ஒட்டித்தான் உட்கார வேண்டும், அங்கே பேஸ் ஊதிவிடும். உங்கள் அறைக்கு லா ஸ்காலாவை விட்டுவிட்டு ஏ7-க்குப் போகச் சொல்ல மாட்டேன்.

511, 811 இரண்டுமே உலோக வார்ப்பு. விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள், மணி போல ஒலிக்கும். வெளிப்பக்கம் கார் கதவுக்குள் ஒட்டும் அதிர்வு தடுக்கும் தகட்டை ஒட்டினால் அது அடங்கிவிடும். லா ஸ்காலாவின் கே-400 ஹார்னும் அலுமினிய வார்ப்பு, அதற்கும் இது பொருந்தும். ஹார்னின் உள்பக்கம் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள்.

தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து செய்தேன்.

கம்பி மாற்றியும் மங்கல் இடது பெட்டியிலேயே நின்றது. அட்டைக் குழாயில் வலது ட்வீட்டர் கீச்சென்று கேட்கிறது, இடது முழு மௌனம். மீட்டரில் வலது ட்வீட்டருக்கு ஓம் காட்டுகிறது, இடதுக்கு ஒன்றுமே காட்டவில்லை, திறந்த சுற்று. எத்தனை வருடமாக இப்படி இருந்ததோ!

இன்னொன்று. வலது கிராஸோவரில் மிட் டிரைவருக்குப் போகும் பெரிய உலோக டப்பா கெப்பாசிட்டரில் 13 மைக்ரோஃபாரட் என்று இருக்கிறது. இடது பக்கத்தில் அந்த இடத்தில் வேறு நிறத்தில் ஒரு புது கெப்பாசிட்டர், 20 மைக்ரோஃபாரட். எப்போதோ பழுது பார்த்த ஒருவர் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. அதோடு ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மரில் (மிட்டின் சத்த அளவைத் தீர்மானிக்கும் கம்பிச்சுருள்) மிட் டிரைவரின் கம்பி வலதில் ஒரு டேப்பிலும் (சுருளின் இணைப்பு முனை) இடதில் அதற்கு அடுத்த மேல் டேப்பிலும் இருக்கிறது.

பழையகம்பி:

பெண் குரல் ஏன் கத்தியது என்பதற்கு விடை வந்துவிட்டது பாருங்கள். ட்வீட்டர் செத்ததும், "ஹை கம்மியாக இருக்கிறது" என்று அந்த மனிதர் மிட்டைத் தூக்கியிருக்கிறார். ஒரு டேப் என்பது 3 டெசிபெல்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆட்டோட்ரான்ஸ்ஃபார்மரில் டேப்பை மாற்றினால் சத்தம் மட்டும் மாறுவதில்லை. கெப்பாசிட்டர் பார்க்கும் சுமையும் மாறுகிறது. 3 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பக்கத்திலிருந்து தெரியும் ஓம் பாதியாகிவிடும். சுமை பாதியானால், அதே கெப்பாசிட்டரோடு பிரியும் அதிர்வெண் இரண்டு மடங்கு மேலே போகும். பழைய இடத்திலேயே பிரிய வேண்டுமானால் கெப்பாசிட்டரை இரட்டிப்பாக்க வேண்டும். 20 போட்டவர் ஒருவேளை இதை அரைகுறையாக அறிந்தே போட்டிருக்கலாம். நீங்கள் டேப்பை மட்டும் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டு 20-ஐ அப்படியே விட்டால் எதிர்ப்பக்கம் தவறு: 400 ஹெர்ட்ஸில் பிரிய வேண்டியது 260-க்கு இறங்கி, மிட் டிரைவர் தன் வேலை அல்லாத பேஸைச் சுமக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

கெப்பாசிட்டர்களை இரண்டு பெட்டியிலும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்றுங்கள். வலதில் 13 என்று எழுதியிருந்தாலும் 1977இன் டப்பா இன்று அப்படியே இருக்காது. உள்தடை ஏறியிருக்கும், ஒலி சோம்பும். பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை, அதே மதிப்பு, போதும். புதிது போட்டதும் ஹை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். அது கோளாறல்ல, இத்தனை வருடம் கேட்காமல் போனது திரும்பி வருகிறது. ஒரு வாரம் காதுக்கு நேரம் கொடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்தக் கால எண்ணெய் நிரப்பிய உலோக டப்பாக்களில் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவில் 1979இல்தான் அதற்குத் தடை வந்தது. உங்களுடையது 1977. டப்பாவை வெட்டவோ துளைக்கவோ வேண்டாம். எண்ணெய் கசிந்திருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கழற்றியதைக் குப்பையில் போடாமல் ஆபத்தான கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

வால்வுவெளிச்சம்:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எதற்கு இந்தப் பழைய கிராஸோவர்? ஆக்டிவ் கிராஸோவர் போட்டால் டேப், சுமை என்ற தலைவலியே இல்லை. மடித்த பேஸ் ஹார்னின் ஒலி தாமதமாக வருவதை மில்லி நொடிக் கணக்கில் சரிசெய்யலாம். நான் செய்திருக்கிறேன், ஒவ்வொரு வாத்தியமும் எங்கே நிற்கிறது என்ற ஒலிப் பிம்பம் ஒரு படி கூர்மையாகிறது. இவ்வளவு வசதி இருக்கும்போது அரை நூற்றாண்டுக்கு முந்தைய சமரசத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

பழையகம்பி:

நீங்கள் சொல்லும் பலன் உண்மை, அதை மறுக்கவில்லை. வரிசையைத்தான் மறுக்கிறேன். ட்வீட்டர் செத்த, இரு பக்கமும் வெவ்வேறு மதிப்பு உள்ள பெட்டியின் மேல் ஆக்டிவ் கிராஸோவர் வைத்தால், கோளாறைக் கணினியில் சமன்செய்து புதைத்துவிடுவோம். அந்த ஸ்பீக்கர் உண்மையில் எப்படி ஒலிக்கும் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். முதலில் பிறந்த நிலைக்குக் கொண்டுவரட்டும். சில மாதம் கேட்கட்டும். அப்புறம் போதாது என்று தோன்றினால் நீங்களே வழிகாட்டுங்கள்.

நேரடியாக ஆம்ப்ளிஃபயரை ட்வீட்டரில் இணைத்தால் நடுவில் ஒரு காப்புக் கெப்பாசிட்டர் கட்டாயம். ஆம்ப்ளிஃபயர் போடும்போது வரும் ஒரு "தொம்" போதும், டயஃப்ரம் போய்விடும்.

வால்வுவெளிச்சம்:

சரி, வரிசை நியாயம்தான். காப்புக் கெப்பாசிட்டர் விஷயத்தில் நூறு சதவீதம் உடன்படுகிறேன், ஒரு ஜோடி டயஃப்ரத்தை அப்படித்தான் இழந்தேன்.

ஆம்ப்ளிஃபயர் பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். லா ஸ்காலா 1 வாட்டுக்கு 1 மீட்டரில் சுமார் 104 டெசிபெல். 86 டெசிபெல் தரும் ஒரு சிறிய பெட்டியோடு ஒப்பிட்டால் 18 டெசிபெல் இடைவெளி, அதாவது 63 மடங்கு சக்தி. இங்கே 1 வாட் செய்வதை அங்கே 63 வாட் செய்ய வேண்டும். 8 வாட் தரும் 300பி வால்வு ஒன்றே உங்கள் அறைக்குத் தாராளம். ஆனால் அதே 18 டெசிபெல் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலையும் தூக்கிக் காட்டும். பாட்டு நிற்கும்போது "உஸ்ஸ்" என்று கேட்டால் ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். வாட்டைப் பார்க்காமல், இரைச்சல் குறைந்த ஆம்ப்ளிஃபயரைத் தேடுங்கள்.

மரத்தூள்:

எல்லோரும் மின்சாரம் பேசுகிறீர்கள், மரத்தை யாரும் தொடவில்லையே!

லா ஸ்காலாவின் பக்கப் பலகைகள் முக்கால் அங்குல பிளைவுட், பெரிய பரப்பு, நடுவில் தாங்கல் இல்லை. பேஸ் கிட்டார் நடக்கும்போது உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், பலகை கூடவே பாடும். பின்னாளில் வந்த லா ஸ்காலா 2-இல் அதனால்தான் பலகையை ஒரு அங்குலமாகத் தடிப்பாக்கினார்கள். சிலர் ஹார்ன் வாய்க்குள் குறுக்கே ஒரு தாங்கல் கட்டை வைப்பார்கள். பசை போடாமல் இறுக்கமாகச் செருகிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் உருவிவிடலாம், பெட்டியில் ஒரு கீறல் கூட இருக்காது.

ஊஃபரின் பின்னறை காற்றுப் புகாமல் அடைந்திருக்க வேண்டும். அந்த மூடியின் கேஸ்கெட் தட்டையாகிப் போயிருந்தால் மாற்றுங்கள். 50 ஹெர்ட்ஸ் தொனியை மிதமாக ஓடவிட்டு, மூடியின் ஓரமாக ஒரு மெல்லிய காகிதத் துண்டைக் கொண்டுபோங்கள். கசிவு உள்ள இடத்தில் அது துடிக்கும். திருகுகளை இறுக்கும்போது எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. பழைய பிளைவுட்டில் திருகு புரி போயிருந்தால் துளையில் மரக் குச்சியும் பசையும் வைத்து மறுபடி பூட்டலாம்.

கூம்பைச் சுற்றியுள்ள மடிப்புத் துணி விளிம்பு பல பத்தாண்டு தாங்கும். நுரை விளிம்புதான் 15, 20 வருடத்தில் பொடியாகும். துணி விளிம்பில் ரப்பர் பாலிஷ், எண்ணெய் எதையும் தடவிவிடாதீர்கள்.

திரைக்குப்பின்னால்:

கம்ப்ரஷன் டிரைவரைத் திறக்க நினைப்பவர்களுக்கு. பின்மூடியைக் கழற்றி டயஃப்ரம் எடுப்பது வரைக்கும் சரி, காந்தத்தை மட்டும் பிரிக்கக் கூடாது. அல்நிகோ (ஒரு வகை உலோகக் கலவை) காந்தத்தை அதன் காந்தச் சுற்றிலிருந்து பிரித்தாலே அதன் வலு குறைந்துவிடும், மறுபடி காந்தம் ஏற்றத்தான் வேண்டும். வேலை செய்யும் மேசையில் இரும்புத்தூள் ஒரு துளி இருந்தாலும் அது காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் பாயும். அதை எடுக்க, ஒட்டும் பேப்பர் டேப்பைக் குறுகலாக மடித்து இடைவெளிக்குள் விட்டுச் சுற்றி எடுக்க வேண்டும், டேப் சுத்தமாக வரும் வரை. ஸ்க்ரூடிரைவரை இறுகப் பிடியுங்கள், காந்தம் அதை டயஃப்ரத்தின் நடுவே இழுத்துவிடும். எனக்கு அப்படி ஒரு அலுமினிய டயஃப்ரம் போயிருக்கிறது, இன்னும் வலிக்கிறது.

ஆல்டெக்கில் டயஃப்ரம் உட்கார வழிகாட்டும் ஊசிகள் இருப்பதால் மாற்றுவது எளிது. ஜேபிஎல் 375, எல்ஈ85 டிரைவர்கள் வைத்திருப்பவர்கள் பின்மூடிக்குள் இருக்கும் நுரையைப் பாருங்கள். அது பொடிந்து டயஃப்ரத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு வேறு வையுங்கள். லா ஸ்காலாவின் கே-55-வி டயஃப்ரம் ஃபினாலிக் (பிசின்) வகை, முரடு. நன்றாக ஒலிக்கிறதென்றால் திறக்கவே வேண்டாம்.

தாழ்வாரம்:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அதே வகை கே-77 ஒரு ஜோடி பழையது கிடைத்தது. வலது நன்றாக இருந்தாலும் இரண்டையும் ஜோடியாகவே மாற்றினேன். கெப்பாசிட்டர்கள் இரு பக்கமும் புதிது, மிட்டின் 13 மைக்ரோஃபாரடும் ட்வீட்டர் பக்கத்து 2 மைக்ரோஃபாரடுகளும் மூல மதிப்பிலேயே. மிட் கம்பியை இடதிலும் வலதின் டேப்புக்கே கொண்டுவந்தேன். உலோக டப்பாக்கள் கழிவு மையத்துக்குப் போய்விட்டன.

அப்புறம் மைக் வைத்து அளந்தேன். முதலில் இரண்டையும் அவை நிற்கும் இடத்திலேயே அளந்ததில் ஏகப்பட்ட வித்தியாசம், பயந்துவிட்டேன். அது அறையின் வேலை. இரண்டு பெட்டியையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் வைத்து அளந்தபோது கோடுகள் ஒட்டிக்கொண்டன, 6000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இடதில் ஒரு பள்ளம் தவிர. பார்த்தால் ட்வீட்டர் கம்பியை நானே தலைகீழாக மாட்டியிருக்கிறேன். மாற்றியதும் பள்ளம் நிரம்பியது.

மரத்தூள் சொன்ன காகித சோதனையில் வலது பெட்டியின் மூடி இரண்டு இடத்தில் கசிந்தது. கேஸ்கெட் மாற்றினேன். தாங்கல் கட்டை இன்னும் செருகவில்லை, அந்தப் பலகை பாடுவது எனக்குப் பழகிய சத்தம் என்பதாலோ என்னவோ.

நேற்று இரவு பெரியப்பாவைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தேன். அவர் எப்போதும் போடும் இசைத்தட்டுதான். முதல் பாட்டு முடியும்வரை பேசவில்லை. அப்புறம் இடது பெட்டியைக் காட்டி, "இந்தப் பக்கம் ஒரு தம்புரா இருந்ததா?" என்று கேட்டார்.